பழைய டூயல் ஸ்போர்ட் பைக் வாங்கி, ஓ.எம்.ஆர். நெரிசலில் கார்களுக்கு நடுவே ஓட்டலாமா?

வேளச்சேரியிலிருந்து சிறுசேரிக்குத் தினம் போய்வர ஒன்றரை லட்சத்துக்குள் பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 எடுக்கலாமா, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மண்பாதைக்கும் தார் ரோட்டுக்கும் பொதுவாகச் செய்த, உயரமும் அகலமும் கூடிய இந்த டூயல் ஸ்போர்ட் வண்டியில், சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையான ஓ.எம்.ஆரில் நிற்கும் கார்களுக்கு இடையில் புகுந்து போவது சரிப்படுமா, சட்டம் அதை அனுமதிக்கிறதா என்பதையும் கூடவே கேட்டிருக்கிறீர்கள். உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், இதுவரை ஓட்டியது 110 சிசி ஸ்கூட்டர் மட்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பலரும் இவற்றை இரண்டு கேள்வியாகப் பிரித்துப் பதில் சொல்வார்கள். இந்த ரக வண்டிகளைப் பல வருடமாகப் பிரித்துப் பூட்டும் கைக்கு இது ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. நடைவேகத்தில், இரு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டு, ஆடாமல் நேராகப் போகிற வண்டி உங்களுக்கு வேண்டும். அதைச் செய்கிற பாகங்கள் ஹேண்டில் கழுத்தில் உள்ள கோன் செட், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள், பிரேக், கிளட்ச். மண்ணிலும் பள்ளத்திலும் அடிபட்ட பழைய வண்டியில் சீக்கிரம் தேய்வதும் இவைதான். எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

முதலில் எந்த வண்டி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹிமாலயன் 411 வந்தது 2016-ல். 2017-ல் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2020-ல் பி.எஸ்.6 புகை விதிக்கு ஏற்ற எஞ்சின் வந்தது, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்ஸைப் பின்சக்கரத்தில் மட்டும் அணைக்கும் வசதியும் அதோடு சேர்ந்தது. சீட் உயரம் 800 மி.மீ., ஆனால் எடை 200 கிலோவை ஒட்டி. எக்ஸ்பல்ஸ் 200 வந்தது 2019-ல். நான்கு வால்வு எஞ்சின் 2021 கடைசியில் வந்தது. சீட் 823 மி.மீ.க்கு மேல், எடையோ 160 கிலோவுக்குள். ஐந்தடி ஆறு அங்குலத்துக்கு ஹிமாலயனில் இரண்டு பாதமும் முக்கால்வாசி தரையில் படும், எக்ஸ்பல்ஸில் நுனிப்பாதம்தான் படும். இந்தக் கணக்கைப் பார்த்து ஹிமாலயன்தான் சுலபம் என்று நினைக்க வேண்டாம். கார்களுக்கு இடையில் நிற்கும்போது வண்டி லேசாகச் சாய்ந்தால் 40 கிலோ வித்தியாசத்தை ஒற்றைக் காலில் தாங்க வேண்டியிருக்கும். தினசரி இருபது கிலோமீட்டருக்கு மேல், அதில் பாதி கிளட்ச் பிடித்தே ஓட்டும் பாதைக்கு நான் எக்ஸ்பல்ஸைத்தான் சொல்வேன், அதிலும் 2020-க்குப் பிறகு வந்ததை. வாராவாரம் ஏலகிரி, கொல்லிமலை என்று இருவராகத் தூரம் போகிறவராக இருந்தால் ஹிமாலயனைச் சொல்லியிருப்பேன். ராலி கிட் போட்டு உயர்த்திய எக்ஸ்பல்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். நாங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் பக்கத்தில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஏதோ தொல்லை இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு மேலே பாருங்கள். சைலன்சரில் முதல் ஓரிரு நிமிடம் வெள்ளையாக ஆவி வந்தால் தவறில்லை. ஆக்சிலரேட்டரை முறுக்கி விடும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. அந்த வண்டியை விட்டுவிடலாம்.

அடுத்தது கோன் செட். ஹேண்டில்பாரை ஃப்ரேமின் கழுத்தில் தாங்கும் பேரிங் அது. பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியை சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு விரல் தூக்கிப் பிடிக்கட்டும். நீங்கள் ஹேண்டில்பாரின் முனையை ஒரே விரலால் தொட்டு, இடக்கோடியிலிருந்து வலக்கோடிக்கு மெதுவாகத் தள்ளுங்கள். வெண்ணெயில் போவது போலப் போக வேண்டும். சக்கரம் நேராக வரும் இடத்தில் ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, பிறகு விடுபட்டு நகர்ந்தால் கோன் செட் போய்விட்டது. 21 அங்குல முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்த ஒவ்வொரு முறையும் பேரிங் குண்டுகள் அந்த ஒரே இடத்தில் கிண்ணத்தைக் குத்தியிருக்கின்றன, அதுதான் காரணம். பிறகு ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். கழுத்தில் தட்டும் உணர்வு வந்தால் நட் தளர்ந்திருக்கிறது.

அறுபதில் போகும்போது இந்தக் குறை பலருக்குத் தெரிவதே இல்லை. நடைவேகத்தில்தான் தெரியும். இரண்டு சக்கர வண்டி மெதுவாகப் போகும்போது நாம் அறியாமலே ஹேண்டிலைத் துளித்துளியாக இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இருக்கிறோம், நிமிர்ந்து நிற்பதே அதனால்தான். நடுவில் பள்ளம் விழுந்த கோன் செட் அந்தச் சின்னத் திருப்பலை முதலில் தடுக்கும், பிறகு திடீரென்று விடும். வண்டி நான்கு விரல், ஐந்து விரல் அளவுக்கு நெளியும். ஓட்டுகிறவருக்குத் தன் கைப்பழக்கம்தான் சரியில்லை என்று தோன்றும். மாற்றுவது பெரிய செலவில்லை, பாதிநாள் வேலை. பேரம் பேச இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், ஆனால் வாங்கிய மறுநாளே மாற்றிவிடுங்கள்.

ஃபோர்க்கில் ரப்பர் உறை போட்டிருக்கும் வண்டி என்றால் அந்த உறையைக் கீழிருந்து மேலே நகர்த்திப் பாருங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. உறை அழகாக இருக்கும், உள்ளே மண்ணும் ஈரமும் சேர்ந்து குழாயில் துருப்புள்ளி விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகள் ஆயில் சீலை அறுக்கும். சீல் போனால் ஆயில் வழிந்து கீழே டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படும். முன்பிரேக்கைப் பிடித்து ஃபோர்க்கை ஆறேழு முறை அழுத்தி விட்டு, குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் ஆயில் வளையம் தெரிந்தால் சீல் மாற்ற வேண்டும். குழாயிலேயே துரு குழி விழுந்திருந்தால் புது சீல் சில மாதம்தான் தாங்கும், குழாயையே மாற்றும் செலவைக் கணக்கில் எடுங்கள். இந்த ரக ஃபோர்க் 190, 200 மி.மீ. அமுங்கும், ஸ்கூட்டரைவிட மிக அதிகம். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தலைகுனியும். அது குறையில்லை, பழக வேண்டியது. குனிந்தபின் துள்ளி எழுந்து மறுபடி குனிந்தால் உள்ளே ஆயில் குறைந்திருக்கிறது.

சக்கரத்துக்கு ஒரு சின்ன ஸ்பேனர் போதும். ஒவ்வொரு ஸ்போக் கம்பியாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுகிய கம்பி ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் இறுக்கிக்கொள்ளலாம். வரிசையாகத் தளர்ந்திருந்தால் ரிம் நெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பென்சிலை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்து, முனை ரிம்மைத் தொடும் தூரத்தில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். இடைவெளி இரண்டு மி.மீ.க்கு மேல் கூடிக் குறைந்தால் ரிம் கட்டும் ஆளிடம் போக வேண்டியிருக்கும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. டயரின் பட்டன், அதாவது மேலே உள்ள ரப்பர் கட்டைகள், எவ்வளவு மிச்சம் இருந்தாலும், ஐந்தாறு சென்னை வெயிலைப் பார்த்த ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. இன்னொன்று, இவை டியூப் டயர். ஸ்கூட்டரில் பழகிய டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டு இங்கே நடக்காது. 21 அங்குல டியூப் எல்லாப் பஞ்சர் கடையிலும் இருக்காது, ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள்.

கிளட்சைச் சூடான பிறகுதான் பார்க்க வேண்டும். இருபது நிமிடமாவது ஓட்டுங்கள், விற்பவர் பின்னால் உட்கார்ந்து வந்தாலும் சரி. மூன்றாம் கியரில் முப்பதில் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக முறுக்குங்கள். எஞ்சின் அலறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது. பிறகு நிறுத்தி, கிளட்ச் பிடித்தபடி முதல் கியரில் வையுங்கள். வண்டி முன்னால் ஊர்ந்தால், அல்லது நியூட்ரல் விழ மறுத்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் சரிசெய்தால் போய்விடும் என்பார்கள். பலமுறை அதுவே உண்மையாகவும் இருக்கும், அதனால் அங்கேயே கேபிளை இறுக்கிப் பார்த்துவிடுங்கள். அப்போதும் ஊர்ந்தால் பிளேட் கோளாறு. முன்னால் ஒரு இன்னோவாவின் பம்பர் அரை மீட்டரில் இருக்கும்போது தானாக ஊரும் வண்டியை வைத்துக்கொண்டு நிம்மதியாக ஓட்ட முடியாது.

செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் பல்லில் விரலால் பின்பக்கம் இழுங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் செட்டாகவே மாற்ற வேண்டும். ஹிமாலயனில் பின்பக்க ஒற்றை ஷாக் அப்சார்பர், பேரிங்குகளில் ஆடும் லிங்கேஜ் என்ற இணைப்புத் துண்டுகள் வழியாக இணைந்திருக்கிறது. வாட்டர் வாஷில் கிரீஸ் வெளியேறி அந்த பேரிங்குகள் காய்ந்து போகும். பின்சக்கரத்தை மேலே தூக்கிப் பார்த்தால் ‘கடக்’ என்று ஆட்டம் தெரியும்.

சென்னை வண்டி என்பதால் தண்ணீரையும் உப்பையும் தனியாகப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் எத்தனையோ பைக்குகள் சீட் மட்டம் வரை மூழ்கின. கழுவித் துடைத்து விற்ற வண்டியை வெளியே பார்த்தால் தெரியாது. சீட்டைக் கழற்றி அடியில் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்சுவரில் பழுப்புக் கோடு இருக்கிறதா, ஒயர் கனெக்டருக்குள் காய்ந்த வண்டல் பொடி இருக்கிறதா, ஃபியூஸ் கால்களில் பச்சைப் பூச்சு ஏறியிருக்கிறதா, மீட்டருக்குள் மூச்சுவிட்டது போல மங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் இரண்டு சேர்ந்து இருந்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். எஞ்சின் ஓடும், ஆனால் ஒயரிங் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு இடத்தில் காலை வாரும். பெசன்ட் நகர், கொட்டிவாக்கம், நீலாங்கரை என்று கடலை ஒட்டி நின்ற வண்டியில் ஸ்போக் கம்பிகளை இறுக்கும் நிப்பிளும் போல்ட் தலைகளும் முதலில் துருப்பிடிக்கும். நிப்பிள் துருவில் உறைந்துவிட்டால் கம்பியை இறுக்கவே முடியாது, புதுக் கம்பி கட்ட வேண்டியதுதான்.

விழுந்த வண்டியா என்பதை லீவர் முனை, ஃபுட்பெக் முனை, சைலன்சர் ஓரத்தில் உள்ள தேய்ப்பு சொல்லும். நின்ற இடத்தில் சாய்ந்தாலும் இந்தத் தேய்ப்பு வரும், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். உண்மையைச் சொல்லும் இடம் ஃப்ரேமின் கழுத்தில் உள்ள லாக் ஸ்டாப்பர். ஹேண்டிலை முழுதாகத் திருப்பும்போது முட்டி நிற்கும் சின்ன இரும்புத் துண்டு அது. நசுங்கியிருந்தாலோ வளைந்திருந்தாலோ முன்சக்கரம் பலமாக எதிலோ மோதியிருக்கிறது. அதே இடத்தில் வெல்டிங் ஓரமாகப் பெயிண்ட் முடிபோல வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு முன்னால் ஐந்தடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, இரண்டு ஃபோர்க் குழாயும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு பார்த்தாலும் சிலவற்றை வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. மீட்டரில் உள்ள கிலோமீட்டரை நான் ஒரு தகவலாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஃபுட்பெக் ரப்பர், பிரேக் பெடல், கைப்பிடியின் தேய்வு மீட்டரோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்ப்பேன். பிஸ்டன், கேம், கியர் பற்களின் நிலை பிரித்தால்தான் தெரியும். சத்தத்தை மட்டும் கேட்டு ‘எஞ்சின் சூப்பர்’ என்று சொல்லும் மெக்கானிக்கின் பேச்சை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் பட்ஜெட் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் பத்தில் ஒரு பங்கைக் கோன் செட், டயர், பேட், செயினுக்கு ஒதுக்குங்கள். உங்கள் கணக்குக்குப் பதினைந்தாயிரம் வரும்.

காகிதத்தில் எல்லோரும் ஆர்.சி.யைப் பார்ப்பார்கள், இன்ஷூரன்ஸ் பாலிசியை வாசிக்க மாட்டார்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். உங்கள் வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பாலிசியில் கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, 50 என்று ஏறும். நான்கு வருட வண்டியில் அந்த வரி பூஜ்யம் என்று இருந்தால் இடையில் கிளெய்ம் வாங்கியிருக்கிறார்கள், அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கிறது. எது என்று கேளுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் கடன் பிடிப்பு இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். இ-சலான் பாக்கியைப் பரிவாகன் தளத்தில் தனியாகப் பாருங்கள். கடன் அடைத்துவிட்டோம் என்று வாயால் சொன்னால் போதாது, பேங்க் என்.ஓ.சி.யும், கடன் பிடிப்பை ஆர்.சி.யிலிருந்து நீக்கக் கையெழுத்திட்ட ஃபாரம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29 இரண்டு பிரதி, ஃபாரம் 30. புதுச்சேரி, கர்நாடகா பதிவெண் என்றால் ஃபாரம் 28-ல் அந்த ஊர் என்.ஓ.சி. வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, தமிழ்நாட்டு வரியும் கட்ட வேண்டும். விலை குறைவாகத் தெரிவது அந்த வரியைச் சேர்க்காததால்தான். எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள்.

பணம் கொடுத்த 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டாலும் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வரும். உங்கள் வண்டிக்கான இழப்பீடு வராது. உரிமையாளரே ஓட்டும்போதான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு பழைய உரிமையாளரோடு நின்றுவிடும், உங்கள் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். கார்களுக்கு இடையில் ஓட்டப் போகிறேன் என்று கேட்கிறவருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி சட்டம். கார் வரிசைகளுக்கு நடுவே பைக் போகலாம் என்று அனுமதிக்கும் விதி இந்தியாவில் இல்லை. 2017-ல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் லேனுக்குள் ஓட்டச் சொல்கின்றன, முந்துவதற்கு வலப்பக்கத்தைப் பொதுவிதியாக வைத்திருக்கின்றன. மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 177-ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை அபராதம். போலீஸ் அதை ஆபத்தான ஓட்டுதல் என்று பார்த்தால் 184-ம் பிரிவு, முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை போகும், சிறைக்கும் இடமுண்டு. சிக்னலில் நிற்கும் வண்டிகளுக்கு இடையில் ஊர்ந்து முன்னால் வருவதை நடைமுறையில் யாரும் பிடிப்பதில்லை என்பது நீங்கள் தினம் பார்ப்பதுதான். ஆனால் விபத்து என்று வந்துவிட்டால் நிலைமை வேறு. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் உங்கள் பங்குக்கும் தவறு என்று சதவீதம் போட்டால் அந்த அளவுக்குத் தொகை குறையும்.

வெளிநாட்டில் அனுமதி உண்டே என்று எழுதியிருந்தீர்கள். உண்டு. கலிபோர்னியா 2017 ஜனவரி முதல் சட்டமாகவே ஏற்றது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2014 ஜூலையில் மணிக்கு 30 கி.மீ.க்குள் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு அனுமதித்தது. 2015-ல் வெளியான கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வு, கிட்டத்தட்ட ஆறாயிரம் பைக் விபத்துகளைப் பார்த்துவிட்டு, சுற்றியுள்ள போக்குவரத்தைவிடச் சுமார் 24 கி.மீ.க்கு மேல் கூடுதல் வேகத்தில் போகும்போதுதான் காயத்தின் அபாயம் கூடுகிறது என்று காட்டியது. வேக வித்தியாசம்தான் ஆபத்து என்ற அந்த அடிப்படை இங்கேயும் பொருந்தும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த 24-ஐ அப்படியே ஓ.எம்.ஆருக்குக் கொண்டுவர முடியாது. அங்கே லேனுக்குள் நிற்கும் கார்கள், இங்கே கை காட்டியதும் நிற்கும் ஷேர் ஆட்டோ, பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஓடிவரும் ஆள், யூ-டர்னுக்காகக் குறுக்கே மூக்கை நீட்டும் கால் டாக்சி. நான் சொல்லும் அளவு இது: கார்களைவிட 10 கி.மீ. கூடுதல், அதிகம் போனால் 15. கார்கள் 30-க்கு மேல் நகரத் தொடங்கினால் ஒரு காரின் பின்னால் போய் லேனைப் பிடித்துவிடுங்கள். இருபதில் போனால் கண் பார்த்து, கை பிடித்து, வண்டி நிற்க எட்டு மீட்டர், அதாவது இரண்டு கார் நீளம். நாற்பதில் போனால் இருபது மீட்டருக்கு மேல், ஐந்து கார் நீளம். ஐந்து காருக்கு அந்தப் பக்கம் எந்தக் கதவு திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இடைவெளியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லேன் 3.5 மீட்டர். ஸ்விஃப்ட்டின் அகலம் 1.735 மீட்டர், இன்னோவா கிரிஸ்டா 1.83. இரண்டும் அவரவர் லேனின் நட்டநடுவில் நின்றால் இடையில் 1.72 மீட்டர் கிடைக்கும். இருபக்கக் கண்ணாடிக்கும் இருபது இருபது செ.மீ. கழித்தால் 1.32. எக்ஸ்பல்ஸின் ஹேண்டில்பார் ஏறக்குறைய 85 செ.மீ. மிச்சம் இருபக்கமும் 23 செ.மீ., ஒரு சாண். இதில் ஒரு கார் ஓரடி தள்ளி நின்றாலே பக்கத்துக்கு எட்டு செ.மீ.தான். இரண்டு லேனில் மூன்று கார் நிற்கும் இடத்தில் பைக்குக்கு வழியே இல்லை. பஸ் 2.6 மீட்டர் அகலம் வரை வரும், அதற்கும் ஸ்விஃப்ட்டுக்கும் நடுவில், ஸ்விஃப்ட்டின் கண்ணாடியை மட்டும் கழித்தாலே, பக்கத்துக்கு 14 செ.மீ.தான் மிஞ்சும். அதோடு பஸ் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கம் ஒடுங்கி வரும், வால் எதிர்ப்பக்கம் வீசும். எம்.டி.சி. பஸ்ஸோ தண்ணி லாரியோ ஒரு பக்கத்தில் இருந்தால் அந்த இடைவெளிக்குள் போகவே போகாதீர்கள். இதில் விதிவிலக்கு எதுவும் எனக்குத் தெரியாது.

உங்கள் ஸ்கூட்டருக்கும் இந்த வண்டிக்கும் இன்னொரு வித்தியாசம் உண்டு. இதன் கைப்பிடி முனை சின்னக் கார்களின் கண்ணாடிக்கு மேலே போய்விடும், எஸ்.யு.வி.களின் கண்ணாடிக்குச் சரியாக நேரே வரும். வாங்குமுன் டேப் வைத்துத் தரையிலிருந்து கைப்பிடி முனை வரை அளந்துகொண்டு, உங்கள் அடுக்ககத்து பார்க்கிங்கில் நிற்கும் கார்களின் கண்ணாடியோடு ஒப்பிடுங்கள். எந்தக் காருக்கு ஒதுங்க வேண்டும் என்பது அரைமணி நேரத்தில் மனதில் பதிந்துவிடும். விற்பவர் பக்கப்பெட்டிகளையும் அவற்றை மாட்டும் ஸ்டாண்டையும் சேர்த்துக் கொடுத்தால் வாங்கி வீட்டில் வையுங்கள், ஆபீசுக்கு மாட்டிக்கொண்டு போக வேண்டாம். கிராஷ் கார்டு ஹேண்டில்பாரைவிட வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கழற்றிவிட்டு ஒடுக்கமானதைப் போடுங்கள். சீட்டில் உட்கார்ந்தால் சின்னக் கார்களின் கூரைக்கு மேல் பார்வை போகும் என்பதுதான் இந்த உயரத்தின் லாபம். மூன்று நான்கு கார் தள்ளி என்ன நடக்கிறது என்று தெரியும்.

கார் எப்போது நகரும் என்பதை இண்டிகேட்டரில் தேடாதீர்கள். முன்சக்கரத்தைப் பாருங்கள், டயர் திரும்பிய பிறகுதான் கார் திரும்ப முடியும். பக்கத்து வரிசையில் ஒரு கார் அளவு இடம் காலியானால், அதற்கு இணையாக நிற்கும் கார் அங்கே பாயப் போகிறது என்றே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள். ஓரமாக நிற்கும் டாக்சியின் பின்சீட்டில் தலை அசைந்தால் கதவு திறக்கும். நிற்கும் வண்டிகளுக்கு அடியில் பார்த்தால் குறுக்கே வரும் ஆளின் கால் முதலில் தெரியும். இடக்கோடியில் பஸ், ஆட்டோ, சர்வீஸ் சாலையில் இருந்து சேர்பவர்கள். வலக்கோடியில் மீடியனுக்கும் காருக்கும் நடுவே சிக்கினால் ஒதுங்க இடமில்லை, அதிலும் மெட்ரோ தடுப்பு நிற்கும் பகுதிகளில். இரண்டு கார் வரிசைகளுக்கு நடுவில் உள்ள சந்துதான் ஓரளவு நம்பக்கூடியது. ஹெட்லைட்டை மின்னினால் நம் ஊரில் ‘நான் வருகிறேன்’ என்று பொருள், எதிரே இருப்பவர் வழிவிடுவார் என்று நினைக்காதீர்கள். சின்னதாக ஒரு ஹார்ன் போதும்.

மழையில் இதையெல்லாம் விட்டுவிடுங்கள். பட்டன் டயர் ஈரத் தாரில் ரோடு டயர் அளவுக்குப் பிடிக்காது. லேன் கோட்டின் பெயிண்டும், தோண்டிய இடத்தில் போட்ட இரும்புத் தகடும் சோப்பு போட்டது போல இருக்கும், நீங்கள் ஓட்டும் சந்தில்தான் அந்தக் கோடும் இருக்கிறது. எக்ஸ்பல்ஸ் 200-ல் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டும், பின்பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

வண்டி வந்ததும் ஓ.எம்.ஆருக்குப் போகாதீர்கள். காலியான ஒரு மைதானத்தில், மணல் நிரப்பிய பெயிண்ட் வாளிகளில் மார்பு உயரத்துக்கு மூங்கில் குச்சி நட்டு, 130 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரிசையாக 20 மீட்டருக்கு அடுக்குங்கள். முதல் கியர், கிளட்ச் பாதிப் பிடியில், ஆக்சிலரேட்டர் ஒரே நிலையில், பின்பிரேக்கை லேசாக மிதித்தபடி, கண் கடைசிக் குச்சிக்கு அப்பால். காலைத் தொங்கவிடக் கூடாது, ஃபுட்பெக்கில் இருக்க வேண்டும். அந்த 20 மீட்டரைக் கடக்கக் குறைந்தது 15 விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், அதுதான் நடைவேகம். வேகமாகப் போய்விட்டால் அந்தச் சுற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிறகு நடுவில் நின்று, இடக்காலை ஊன்றி, மறுபடி கிளம்பிப் பழகுங்கள். கடைசியாக இடைவெளியை 110 செ.மீ.க்குக் குறையுங்கள். ஒரு குச்சியும் அசையாமல் தொடர்ந்து பத்து முறை போய்வரும் வரை சோழிங்கநல்லூர் சிக்னலில் காருக்குப் பின்னாலேயே நில்லுங்கள்.